வாசகர் கேள்வி–பதில்: சீட்டு எழுதிக் கொடுத்தால் சிகிச்சை ஆகிவிடுமா?

போன இதழில் எச்.ஐ.வி. தடுப்புக்கான லெனகாபவிர் ஊசியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊசியைப் பற்றியே இல்லை. "ஆய்வில் சேர்ந்த பெண்களில் 55 பேருக்குத் தொற்று வந்தது" என்று போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதுவே: ஆய்வு நடக்கும்போது தொற்று வந்தவருக்குச் சிகிச்சை தருவது யார் பொறுப்பு, எதுவரை? சர்க்கரை நோய், முடி உதிர்தல் பற்றிக் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளவும்.

கல்லூரி மாணவி, மதுரை: 55 பெண்களுக்கு எச்.ஐ.வி. வரும்வரை டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்களா? படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நடந்தது இதுதான். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயது வரையுள்ள 5,338 பெண்கள் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்குமே ஏதோ ஒரு தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. 2,134 பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனகாபவிர் ஊசி, மற்றவர்களுக்கு தினமும் போட வேண்டிய இரண்டு வகை மாத்திரைகளில் ஒன்று. 2024 ஜூனில் முடிவு வெளியானபோது ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. மாத்திரைக்காரர்களில் ஒரு பிரிவில் 39 பேர், இன்னொரு பிரிவில் 16 பேர், ஆக 55. மாத்திரை கெட்ட மாத்திரை இல்லை, ஒழுங்காகப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பெரும்பாலானவர்கள் ஒழுங்காகப் போடவில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி, நோயே இல்லாதபோது, அம்மாவும் காதலனும் பார்க்கிற வீட்டில் தினமும் ஒரு மாத்திரையை விழுங்குவது சின்ன விஷயமா என்ன? டப்பா குலுங்குகிற சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த ஆய்வுகளில் யாரும் யாருக்கும் கிருமியை ஏற்றுவதில்லை. தொற்று வெளியே, அவரவர் வாழ்க்கையில் வருகிறது. ஆணுறை, ஆலோசனை, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை எல்லாம் ஆய்வு நடக்கிற மையத்திலேயே கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் வயிற்றைப் பிசைந்த விஷயம் பொய்யில்லை. எந்தப் பிரிவில் எத்தனை பேருக்குத் தொற்று வந்தது என்று எண்ணிப் பார்த்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும். யாருக்குமே வராவிட்டால் ஆய்வுக்கு விடை கிடைக்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2004-இல் தொடங்கிய ஓர் ஆய்வில் இதுவேதான் நடந்தது. கானா, கேமரூன், நைஜீரியா மூன்று நாட்டிலும் சேர்த்து 936 பெண்கள், அவர்களில் எட்டுப் பேருக்குத் தொற்று. டெனோபவிர் என்ற தடுப்பு மாத்திரைப் பிரிவில் இரண்டு, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்த பிரிவில் ஆறு. எட்டை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிக்கையை முடித்தார்கள். தொற்று குறைந்தால் பெண்களுக்கு நல்லது, ஆய்வுக்கு விடை போச்சு. இந்தக் கோணலான கணக்குதான் தொற்று வந்தவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக்குகிறது. நமக்கெல்லாம் பயன்படப் போகிற விடையில் அந்தப் பெண்ணின் தொற்று ஓர் எண்ணாக உட்கார்ந்திருக்கிறது.

ஓய்வு பெற்ற கணக்காளர், திருப்பூர்: ஊசியாலோ மாத்திரையாலோ வந்த நோய் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு ஆராய்ச்சி நடத்துகிறவர் ஏன் ஆயுள் முழுக்க மருந்துச் செலவை ஏற்க வேண்டும்? லாரி விபத்துக்கு டீக்கடைக்காரர் நஷ்டஈடு தருவதுபோல இல்லையா?

ஐயா, டீக்கடை உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இந்த டீக்கடைக்காரர், அந்த வளைவில் லாரிகள் அதிகம் மோதும் என்று தெரிந்தே அங்கே கடை போட்டிருக்கிறார். எத்தனை மோதும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின்படி எத்தனை நாற்காலி வேண்டும் என்றும் முடிவு செய்திருக்கிறார். எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுத் திட்டத்தில் 'எத்தனை தொற்று எதிர்பார்க்கிறோம்' என்று எண் போட்டே எழுதியிருக்கும். முன்பே எழுதி வைத்த ஒன்று நடக்கும்போது 'அது எங்கள் பொறுப்பு இல்லை' என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

ஆனாலும் உங்கள் வாதத்தைப் பெரிய பெரிய ஆட்களே ஒருகாலத்தில் சொன்னார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்துகிற கூட்டு மருந்து ஓர் ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஏழை நாடு ஒன்றில் ஆய்வு நடத்துகிறவர், தொற்று வந்தவர்களுக்கு மட்டும் அந்த மருந்தைக் கொடுத்தால் பக்கத்து வீட்டில் அதே நோயோடு சாகிறவரிடம் என்ன சொல்வது என்று கேட்டார்கள். மருந்துக்காகவே ஜனங்கள் ஆய்வில் வந்து விழுவார்கள், அது வற்புறுத்தலுக்குச் சமம் என்றார்கள். ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 2000-இல் தடுப்பூசி ஆய்வுகளுக்கான நெறிமுறை எழுதியபோது இந்தச் சண்டை தீரவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் இடம் விட்டு, நிரூபிக்கப்பட்டவற்றில் மிகச் சிறந்த சிகிச்சையைத் தருவது இலட்சியம், அந்த நாட்டில் கிடைக்கக்கூடிய உச்சபட்சக் கவனிப்பைத் தருவது குறைந்தபட்சம் என்று எழுதினார்கள். எதுவுமே கிடைக்காத நாட்டில் 'கிடைக்கக்கூடிய உச்சபட்சம்' என்றால் என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இரண்டு விஷயம் மாறின. ஒன்று விலை. 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மூன்று மருந்துக் கூட்டை வருடத்துக்கு 350 டாலருக்கு, அதாவது நாளைக்கு ஒரு டாலருக்குக் குறைவாகத் தருகிறேன் என்று அறிவித்ததும் 'செலவு கட்டுப்படியாகாது' என்ற வாதத்தின் காலே உடைந்தது. இன்னொன்று, ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்கப்பட்ட பெண்களே வாயைத் திறந்தார்கள்.

கம்போடியாவில் 2004-இல் டெனோபவிர் மாத்திரையைத் தடுப்பாகச் சோதித்துப் பார்க்க, பாலியல் தொழிலில் இருந்த 960 பெண்களைச் சேர்ப்பதாகத் திட்டம். அமெரிக்க, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் நடத்துவதாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு அங்கே ஒரு சங்கம் இருந்தது. அவர்கள் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: உடம்பில் நோய் இல்லாத எங்களுக்கு மாத்திரை கொடுக்கிறீர்கள், ஆய்வு முடிந்து நீங்கள் ஊருக்குப் போன பிறகு எங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பது? நீண்ட கால மருத்துவக் காப்பீடு வேண்டும் என்றார்கள். ஆய்வு நடக்கும் காலத்துக்குப் பார்த்துக்கொள்வோம் என்பதற்கு மேல் உறுதியான பதில் வரவில்லை. அந்த ஜூலையில் பாங்காக்கில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில், மருந்தைத் தயாரித்த கிலியட் நிறுவனத்தின் அரங்கத்துக்குள்ளேயே போய்ப் போராட்டம் செய்தார்கள். ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் ஆய்வையே நிறுத்திவிட்டார். அடுத்த பிப்ரவரியில் கேமரூன் அரசும், மேலே சொன்ன மேற்கு ஆப்பிரிக்க ஆய்வின் டுவாலா நகரப் பிரிவை நிறுத்தியது. அங்கேயும் பெரிய புகார்களில் ஒன்று, தொற்று வந்தவர்களுக்கு என்ன வழி என்பதுதான்.

அந்த மருந்து வேலை செய்யும் என்பது பின்னால் வேறு ஆய்வுகளில் நிரூபணமானது. அப்படியானால் அந்தப் பெண்கள் ஒரு நல்ல ஆய்வைக் கெடுத்துவிட்டார்களா? அப்படி எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வியைக் கேட்டதற்காக ஒருவரைக் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே உட்கார்ந்து பேசாமல் விட்டது மறுபக்கத்தின் தவறு. 2007-இல் அதே ஐ.நா. அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நெறிமுறையைத் திருத்தியபோது வாசகம் அடியோடு மாறியிருந்தது. ஆய்வின்போது தொற்று வந்தவருக்கு, உலக அளவில் சிறந்தவை என்று ஏற்கப்பட்ட சிகிச்சை முறைகளில் ஒன்று கிடைக்க வேண்டும், அதை எப்படிக் கொடுப்பது, எப்படித் தொடர்வது என்பதை ஆய்வு தொடங்குவதற்கு முன்பே சம்பந்தப்பட்ட எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். 'முன்பே' என்ற சொல்லுக்கு அந்தக் கம்போடியப் பெண்களுக்கு நன்றி சொல்லலாம்.

பெயர் வேண்டாம், சேலம்: இலவச சிகிச்சை உண்டு என்று சொன்னால் அலட்சியமாக இருந்து நோயை வாங்கிக்கொள்ள மாட்டார்களா?

ஆயுள் முழுக்க தினம் மாத்திரை விழுங்குவதை யாரும் பரிசாக நினைக்க மாட்டார்கள். தீயணைப்பு நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்று யாரும் கூரைக்கு நெருப்பு வைப்பதில்லை.

தையல் தொழிலாளி, ஆம்பூர்: சென்னையிலும் எய்ட்ஸ் தடுப்பூசி போட்டுப் பார்த்தார்களாமே? அதில் யாருக்காவது நோய் வந்ததா என்று என் வீட்டுக்காரர் கேட்கச் சொன்னார்.

போட்டுப் பார்த்தார்கள், 2006-இல், சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தில். அதற்கு முந்தின வருடம் புனேயில் ஒன்று. சென்னையில் 32 பேர். அது முதல் கட்டச் சோதனை, மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்ப்பது, அதனால் தொற்று அபாயம் குறைவாக உள்ள ஆரோக்கியமானவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள். தடுப்பூசியில் உயிருள்ள எச்.ஐ.வி. கிருமி இல்லை, மரபணுத் துண்டுகள்தான், எனவே ஊசியால் எய்ட்ஸ் வரவே வழியில்லை.

ஆனால் உங்கள் வீட்டுக்காரர் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மாதிரித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகும், அதற்குத்தானே ஊசி. எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்திலோ ரத்ததான முகாமிலோ செய்கிற சாதாரணப் பரிசோதனை அந்த எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. கிருமியே இல்லாதவருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்துவிடலாம். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் இப்படி ஒரு காகிதம் கையில் வந்தால் என்ன ஆகும்! அதனால் ஆய்வு முடிந்து பல வருடம் ஆனாலும், கிருமியையே நேரடியாகத் தேடுகிற பரிசோதனையைச் செய்துகொடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். சிகிச்சை என்று நாம் பேசுவதில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சமூகப் பணியாளர், திண்டுக்கல்: ஆய்வில் சேர வந்து, முதல் ரத்தப் பரிசோதனையிலேயே எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லையே?

வந்த கடிதங்களிலேயே இதுதான் முக்கியமான கேள்வி. தொற்று அதிகமுள்ள ஊரில், ஆய்வுக்குள் தொற்று வருகிறவர்களைவிட இப்படி வாசலிலேயே தெரிந்து திரும்புகிறவர்கள் அதிகமாக இருப்பார்கள். இவருக்கும் ஆய்வுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை, அரை மணி நேரப் பழக்கம், ஒரு குப்பி ரத்தம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தியை அவர் தலையில் இறக்கி வைத்தது அந்த அறைதான். உதவி செய்ய வந்த பெண்ணிடம் 'நீங்கள் சேர முடியாது, காரணம் இது' என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட முடியுமா?

ஆயுள் முழுக்க ஆய்வுக் குழுவே மருந்து தர வேண்டும் என்று இங்கே நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கே ஒரு ஆலோசகர் பக்கத்தில் உட்கார வேண்டும், எந்த மையத்தில் எந்த நாளில் யாரைப் பார்ப்பது என்று சொல்லிவிட வேண்டும், முடிந்தால் கூடவே ஒருவர் போக வேண்டும், ஒரு மாதம் கழித்து மருந்து தொடங்கியாயிற்றா என்று போன் போட வேண்டும். இந்த விஷயத்தில் நம் ஊர் நிலைமை பரவாயில்லை. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. 2017-லிருந்து ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை (எச்.ஐ.வி. அழிக்கிற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு என்று பார்க்காமல், தொற்று உறுதியானாலே மருந்து என்று விதி. மருந்து இருக்கிறது, ஆள் அங்கே போய்ச் சேருவதுதான் பாக்கி. அந்தப் பாக்கியில்தான் பலர் தொலைந்துபோகிறார்கள் என்பது உங்களைப் போலக் களத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வங்கி ஊழியர், கோயம்புத்தூர்: அரசாங்கமே மருந்து கொடுக்கும்போது ஆய்வு நடத்துகிறவருக்கு வேலை இல்லையே?

இருக்கிறது. முன்பெல்லாம் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. தொற்று வந்து அந்த நிலைக்கு வரப் பல வருடம் ஆகும், ஆய்வோ இரண்டு மூன்று வருடத்தில் கடையைக் கட்டிவிடும். அதாவது, மருந்து தேவைப்படுகிற நாளில் வாக்குக் கொடுத்தவர் ஊரில் இருக்க மாட்டார். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் தொற்று தெரிந்த உடனே மருந்து என்று மாற்றியதில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. ஆய்வு நடக்கும்போதே, அதே நர்ஸ் அக்கா கண் முன்னாலேயே முதல் மாத்திரையைப் போட்டுவிடலாம்.

இன்னொரு அவசரமும் உண்டு. தடுப்பு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதே தொற்று வந்து, அது தெரியாமல் அதே மாத்திரையைத் தொடர்ந்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அந்த மருந்துகளில் சில சிகிச்சைக்கும் தேவைப்படுபவை. எனவே சீக்கிரம் கண்டுபிடித்து, எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்த்து மாற்ற வேண்டும். 'இவர் இன்ன மருந்து ஆய்வில் இருந்தார்' என்ற தகவல் இல்லாமல் அரசு மையத்து டாக்டர் இருட்டில் கை விடுவதுபோல்தான் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

அரசாங்கத்தை நம்பலாமா என்பதற்கு ஒரு பழைய கதை, ஒரு புதுக் கதை. தென்னாப்பிரிக்காவில் 2004 வரை அரசு மருத்துவமனைகளில் பொதுவாகக் கூட்டு மருந்து கிடையாது, ஆனால் ஆய்வுகள் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென நிறுத்தியபோது, அந்தப் பணத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆய்வுகள் நடுவழியில் நின்றன, அதில் தென்னாப்பிரிக்க எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளும் உண்டு. நீங்கள் வங்கியில் இருப்பதால் உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன்: கடன் வாங்கியவர் ஓடிப்போனால் ஜாமீன் யார்? ஆய்வு தொடங்கும்போதே இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கி வைப்பதுதான் வழி. பெரிய தொகையும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்து, வருடக்கணக்கில் ரத்தம் எடுத்து, ஆய்வகத்துக்கு விமானத்தில் அனுப்புகிற செலவோடு ஒப்பிட்டால் ஐம்பது நூறு பேருக்கு மாத்திரை வாங்குவது சில்லறைக் காசு.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: என் அக்கா மகனை ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எச்.ஐ.வி. இல்லை, வேறு நோய். ஒப்புதல் படிவம் பதினான்கு பக்கம் இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

அம்மா, ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் சில வருடம் பொதுமக்கள் சார்பில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அல்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிக்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். அங்கே ஒரு தடுப்பு ஆய்வின் தமிழ்ப் படிவத்தைப் படித்தபோது பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: 'தங்களுக்கு நோய் ஏற்படும் பட்சத்தில் உரிய சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள்.' குழுவில் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். டீ கொண்டுவந்து வைத்த ஆயா அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பரிந்துரைன்னா சீட்டு எழுதிக் குடுக்கறதுதானே சார்?" என்றார். அதேதான். சீட்டு எங்கே செல்லும், அங்கே போக பஸ் காசு யார் தருவது, அங்கே மருந்து இருப்பு இருக்கிறதா, எதுவும் அந்த வரியில் இல்லை. அன்று நான் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அறுத்ததில் மற்றவர்களுக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. திருத்தி வந்த படிவத்தில் மருத்துவமனையின் பெயரும் 'கட்டணம் ஆய்வு நிதியிலிருந்து செலுத்தப்படும்' என்ற வாசகமும் இருந்தன. பஸ் காசு கடைசிவரை வரவில்லை.

அதனால் படிவத்தில் 'பரிந்துரை', 'உரிய', 'தேவையான' என்று வருகிற இடங்களில் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். ஆய்வு மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-இன் மருந்து ஆய்வு விதிகளே சொல்கின்றன, எனவே அதைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை. மருந்தால் வராமல், ஆய்வு நடக்கிற காலத்தில் வேறு ஏதாவது நோய் தெரியவந்தால் யார் பார்ப்பார்கள், எத்தனை நாளைக்கு என்பதைத்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அக்கா மகனும் கையெழுத்துப் போடத் தயங்கலாம். சேர்ந்த பிறகு பிடிக்கவில்லையென்றாலும் எந்த நாளும் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்த அவர்களுக்கு உரிமை இல்லை.

படிவத்தின் ஒரு நகலைக் கையில் வாங்காமல் வர வேண்டாம். கடைசிப் பக்கத்தில் அவசரத்துக்கு என்று இரண்டு போன் நம்பர் போட்டிருப்பார்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அங்கேயே உட்கார்ந்து அதில் ஒரு நம்பருக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று.